தகவல் துளி: மதனப்பள்ளியிலிருந்து ஆல்ப்ஸ் வரை

பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1911-இல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அவரையும் தம்பி நித்யானந்தாவையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தம்பி சட்டம் படித்துத் தேறினார். அண்ணனுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு கைகூடவில்லை. 1923 கோடையில் இருவரும் நண்பர்களோடு ஆஸ்திரியாவின் எர்வால்டு என்ற ஆல்ப்ஸ் கிராமத்தில் தங்கினார்கள். பின்னாளில், 1961 முதல் 1985 வரை, சுவிட்சர்லாந்தின் சானன் ஊரில் கோடைதோறும் கிருஷ்ணமூர்த்தி உரையாற்றினார்.

எர்வால்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலையோ 1,200 மீட்டரையும் தாண்டுகிறது. ஆனாலும் பனி பெய்வது எர்வால்டில்தான்! ஹார்ஸ்லி மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. எர்வால்டு 47 பாகையில். குளிர்காலத்தில் அங்கே வெயில் சாய்வாக விழுவதால் பனி உருகாமல் கிடக்கிறது, பனிச்சறுக்கும் நடக்கிறது.

திருப்பதியிலும் சித்தூரிலும் படித்து ஐரோப்பாவுக்கு மேற்படிப்புக்குப் போகும் மாணவர்கள் இந்த ஆல்ப்ஸ் பனியைப் பார்க்க விரும்பினால், அவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பாவில் பொது விசா முறையில் இணைந்த ஷெங்கன் நாடு ஒன்றின் வசிப்பு அனுமதி இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் இதில் அடக்கம். பனிச்சறுக்குப் பலகையில் ஏறுமுன், மலையில் அடிபட்டால் ஹெலிகாப்டரில் மீட்கும் செலவை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.