ரோமாபுரிக்குச் சோறு போட்ட ஊர்

ரோமுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் கொலோசியம், இரண்டாம் நாள் வாட்டிகன், மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து பாம்பெய். பாம்பெய் பார்க்க வேண்டிய இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நேப்பிள்ஸ் வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொரு ரயில், வாசலில் வரிசை, மறுபடி அதே வழியாகத் திரும்பல் என்று பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். ரோம் நகருக்குள் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கிற சாதாரண டிக்கெட்டிலேயே, சுமார் அரை மணி நேரத்தில் போய் இறங்கக்கூடிய ஒரு முழு ரோமானிய நகரம் இருக்கிறது: ஓஸ்தியா அந்திகா. நம் டிராவல் ஏஜென்ட்டுகளின் பட்டியலில் அது அரிதாகத்தான் வரும்.

மெட்ரோவின் பி லைனில் பிரமிதே நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், எதிரே நிஜமாகவே ஒரு பிரமிடு நிற்கும். கேயஸ் செஸ்டியஸ் என்ற பணக்காரருக்காகக் கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டப்பட்ட கல்லறை அது. எகிப்தைப் பிடித்த கையோடு எகிப்து மோகமும் ரோமைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். பக்கத்திலேயே போர்த்தா சான் பாவ்லோ ரயில் நிலையம். கடற்கரைக்குப் போகும் ரயில் என்பதால், துண்டும் குடையுமாகக் குடும்பங்கள் ஏறும். அவர்கள் கடைசி வரை போவார்கள். நாம் ஓஸ்தியா அந்திகாவில் இறங்கி, நெடுஞ்சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தைத் தாண்டினால் சில நிமிட நடையில் நுழைவாயில்.

ரோமின் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், டைபர் நதி கடலில் கலக்கும் முகத்தில் இருந்த ஊர் இது. நான்காவது மன்னர் ஆங்கஸ் மார்சியஸ் நிறுவினார் என்பது ரோமானியர்களின் ஐதிகம்; மண்ணைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய கோட்டைச் சுவர் கி.மு. நான்காம் நூற்றாண்டுக்குரியது. இப்போது போய்க் கடலைத் தேடாதீர்கள். நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. நதியும் 1557இல் வந்த பெருவெள்ளத்தில் தடம் மாறி ஊரை விட்டு விலகிக்கொண்டது. துறைமுக நகரம்தான், ஆனால் துறையும் இல்லை, அலையும் இல்லை.

இங்கே ஏன் ஒரு நகரம் வேண்டியிருந்தது? ரோமின் வயிற்றுக்காக. பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் தலைநகரத்துக்குச் சுற்றுவட்டார விளைச்சல் போதவில்லை. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமை வந்தாக வேண்டும். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் இரண்டு லட்சம் குடிமக்களுக்கு அரசே கோதுமையை இலவசமாக அளந்தது. நம் ரேஷன் கடை போலத்தான். கப்பல் தாமதமானால் தெருவில் கலவரம். பெரிய கப்பல்களால் வண்டல் நிறைந்த ஆற்றுமுகத்துக்குள் வர முடியவில்லை என்பதால், பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42இல் சற்று வடக்கே போர்த்துஸ் என்ற செயற்கைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார். கி.பி. 62இல் அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே புயலில் சிக்கி ஏறக்குறைய 200 கப்பல்கள் அழிந்தன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பிறகு பேரரசர் டிராஜன் அதற்கு உட்புறமாக அறுகோண வடிவில் இன்னொரு துறையை வெட்டினார். ரோமுக்கு விமானத்தில் வருபவர்கள் இறங்கும் ஃபியுமிச்சீனோ விமான நிலையம் கிளாடியஸின் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. வேலை போர்த்துஸில், வீடும் அலுவலகமும் ஓஸ்தியாவில் என்று ஆனபோது இந்த ஊர் செழித்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது கல்லறைகள். ஊருக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். கல்லறைகளைத் தாண்டினால் ரோமா வாசல். அங்கிருந்து கருங்கல் பாவிய பெருவீதி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இரு பக்கமும் குடை விரித்தாற்போல் நிற்கும் பைன் மரங்கள். வலது பக்கம் நெப்டியூன் குளியல் மண்டபம். தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கல்துண்டுகளால் பதித்த சித்திரம்: கடல் குதிரைகள் இழுக்கக் கடல் தெய்வம் நெப்டியூன் பாய்ந்து போகிறார். அதன் பின்னால் தீயணைப்பு வீரர்களின் குடியிருப்பு. தானியக் கிடங்குகள் நிறைந்த ஊரில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓஸ்தியாவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், நாடக அரங்கின் பின்னால் உள்ள சதுக்கத்துக்குப் போங்கள். வணிகக் குழுக்களின் சதுக்கம் என்று அதற்குப் பெயர். நடுவே ஒரு கோயிலின் மேடை; மூன்று பக்கமும் சுமார் 60 சிறு அறைகளின் வரிசை. ஒவ்வொரு அறைக்கும் முன்னால் தரையில் பதித்த சித்திரம்தான் பெயர்ப்பலகை. கார்த்தேஜ் கப்பல்காரர்கள், சார்டினியாவின் கலியாரிக் கப்பல்காரர்கள், பிரான்சின் நார்போன்காரர்கள். இன்றைய லிபியாவில் உள்ள சப்ராதாக்காரர்கள் ஒரு யானையைப் போட்டிருக்கிறார்கள். கயிறு திரிப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், மர வியாபாரிகள் எல்லோருக்கும் இடம் உண்டு. பாய்மரக் கப்பல், கலங்கரை விளக்கம், கோதுமை அளக்கும் மரக்கால் என்று படம் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். எந்தத் துறையிலிருந்தோ வந்து இறங்கிய, லத்தீன் எழுத்துக் கூட்டத் தெரியாத மாலுமிக்கு அது போதும்.

அந்த வரிசையில் அலெக்சாந்திரியாக்காரர்களின் அறையும் இருக்கிறது. அதன் முன்னால் நான் கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கு வந்துதான் ரோமுக்குக் கப்பலேறியது. செங்கடல் கரையின் பெரனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. ரோமில் பேரரசர் டொமிஷியன் மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டினார். நம் ஊர்ப் பெயர் எதுவும் இந்தத் தரையில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, இடையில் அத்தனை கை மாறியது சரக்கு.

மூட்டை சுமந்தவர்களின் முகம் வேண்டுமென்றால் அது ஓஸ்தியாவில் இல்லை, வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கல்லறையில் கிடைத்த ஓவியம் அது. 'இசிஸ் ஜெமினியானா' என்ற ஆற்றுப் படகு. பின்பக்கம் மாலுமி ஃபார்னாசஸ். பலகை வழியாக மூட்டையோடு ஏறும் கூலிகள். மாலுமியின் பெயரைக்கூட எழுதிவைத்த ஓவியர் மூட்டைக்காரர்களைப் பெயரில்லாமல் விட்டுவிட்டார்.

பாம்பெயில் பார்ப்பவை பெரும்பாலும் முற்றமும் தோட்டமுமாகத் தாழ்வான வீடுகள். ஓஸ்தியாவில் பார்ப்பது அடுக்குமாடிகள். செங்கல்லில் நாலு மாடி வரை எழுந்த கட்டடங்கள். தரைத் தளத்தில் தெருவைப் பார்த்த கடைகள், கடைக்கு மேலே பரணில் கடைக்காரர் குடும்பம், தெருவிலிருந்தே மேலேறும் தனிப் படிக்கட்டு, அதற்கு மேல் வாடகைக் குடித்தனங்கள். டயானா வீடு என்று அழைக்கப்படும் கட்டடத்தில் நடு முற்றத்தில் பொதுத் தண்ணீர்த் தொட்டி, பொதுக் கழிப்பறை. திருவல்லிக்கேணி ஒண்டிக்குடித்தனத்தில் வளர்ந்தவர் யாராவது கூட வந்தால் விளக்கமே தேவைப்படாது. அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை: பளிங்கு பதித்த கல்லாமேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, சுவரில் உணவுப் பண்டங்களின் ஓவியம், பின்னால் உட்கார்ந்து சாப்பிட ஒரு திறந்த முற்றம். சற்றுத் தள்ளி மாவு மில். கழுதைகள் சுற்றிவந்து இழுத்த எரிமலைக்கல் இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன.

ஏழு ஞானியர் குளியலறை என்று ஓர் இடம். முன்பு அது மதுக்கடையாக இருந்த அறை. சுவரில் சோலோன், தேல்ஸ் முதலான கிரேக்க ஞானிகள் கம்பீரமாக வீற்றிருக்கிறார்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் உபதேசமெல்லாம் மலச்சிக்கலுக்கு என்ன செய்வது, வாயுவை எப்படி ஓசைப்படாமல் விடுவது என்பது பற்றி! ரோமானியர்கள் என்றாலே சட்டமும் படையும் பளிங்குச் சிலையும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் இந்தச் சுவரை அவசியம் பார்க்க வேண்டும்.

பாம்பெயைப் போல ஓஸ்தியாவை எரிமலை மூடவில்லை. வணிகம் போர்த்துஸுக்கு நகர, நதிமுகம் தூர்ந்து மலேரியாவும் பரவ, நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லக் காலியான ஊர் இது. கி.பி. 387இல் புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது இறந்தது இங்கேதான்; அவருடைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு 1945இல் பக்கத்துக் கிராமத்துத் தேவாலயத்தருகே தற்செயலாகக் கிடைத்தது. கைவிட்ட ஊரின் பளிங்கைப் பிறகு வந்தவர்கள் தங்கள் கட்டடங்களுக்குப் பெயர்த்துப் போனார்கள். 1938இல் தொடங்கி முசோலினி அரசு, 1942இல் ரோமில் உலகக் கண்காட்சி நடத்துவதற்காக, நான்கே ஆண்டுகளில் ஊரின் பெரும் பகுதியை அவசர அவசரமாகத் தோண்டியது. போர் வந்து கண்காட்சி நடக்கவே இல்லை. அந்த அவசரத்தில், கடைசி நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்களின் தடயங்கள் சரியாகப் பதிவு செய்யப்படாமலே அள்ளி எறியப்பட்டன. நாம் பார்க்கும் ஓஸ்தியா இரண்டாம் நூற்றாண்டு ஊராகவே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாதை முழுக்க மேடுபள்ளமான கல். செருப்பு வேண்டாம், நல்ல ஷூ அணியுங்கள். வெயிலில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். நாலு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மீதி நேரத்தில் அதே ரயிலைப் பிடித்துக் கடற்கரைக்குப் போகலாம். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.