வேலிக்கு அப்பால் செல்லும் அலைகள்

நெடுந்தீவுக்குச் செல்பவர்களின் கண்ணில் முதலில் படுபவை பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் பனையோலை வேலிகள் வளவுகளுக்கு எல்லையிடுகின்றன. இரவில் படலையைச் சாத்தாமல் உறங்கச் செல்வோர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும் அதே வீடுகளுக்குள் இருக்கும் வைஃபை ரவுட்டரின் அலைகள் படலை வழியாகச் செல்வதில்லை. கல்மதில் அவற்றைச் சற்று நலிவடையச் செய்யும். ஓலை வேலியோ அவற்றுக்குத் தடையே அன்று. படலையைப் பூட்டும் நாம் இந்த அலைக்குப் பூட்டிட்டிருக்கின்றோமா?

குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய தீவு மக்களுக்கு இணையம் ஆடம்பரப் பொருள் அல்ல. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும், அவர்கள் அனுப்பும் பணத்தைச் சரிபார்ப்பதும் அதனூடாகவே. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வியும் அதன் வழியே வந்தது. இவ்வாறான ஒரு வாயில் திறந்து கிடப்பதை அற்ப விடயமாகக் கொள்ள முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கானது. மற்றையது ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். முதலாவதை மாற்றும் பலர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்களை மாற்றாத வீட்டுக் கருவிகளையும் கமராக்களையும் 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்ற தீம்பொருள் பெருமளவில் கைப்பற்றி, உலகின் பெரிய இணையத்தளங்களை முடக்கப் பயன்படுத்தியது. அக்கருவிகளின் உரிமையாளர்கள் பலர் அதனை அறிந்திருக்கவே இல்லை.

அடுத்தது குறியாக்க முறை. 1997இல் அறிமுகமான ‘வெப்’ முறையின் பலவீனத்தை ஆய்வாளர்கள் 2001இலேயே வெளிப்படுத்திவிட்டனர். எனவே ரவுட்டரில் 2018இல் அறிவிக்கப்பட்ட ‘டபிள்யூபிஏ3’ இருப்பின் அதனையும், இல்லையேல் ‘டபிள்யூபிஏ2’வையும் தெரிவு செய்தல் வேண்டும். எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை நிறுத்திவிடுவது நன்று. அவ்வெண்ணை ஏறத்தாழ 11,000 முயற்சிகளுக்குள் கண்டறியலாம் என்பது 2011இல் நிரூபிக்கப்பட்டது. ரவுட்டரின் மென்பொருளையும் காலத்துக்குக் காலம் புதுப்பித்தல் அவசியம். 2017இல் ‘டபிள்யூபிஏ2’விலேயே குறைபாடு கண்டறியப்பட்டபோது, அதனை நிவர்த்தி செய்தவை இத்தகைய புதுப்பிப்புகளே.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். அயலவரின் பிள்ளை பாடத்துக்காகக் கேட்கும்போது, அல்லது நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் விருந்தினர் வந்து தங்கும்போது, கடவுச்சொல்லை மறுப்பதா? கிணற்றுத் தண்ணீரைப் பகிர்ந்து வாழ்ந்த சமூகத்துக்கு அது அழகல்ல. மறுக்கவும் வேண்டியதில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் ‘விருந்தினர் வலையமைப்பு’ என்ற வசதி உண்டு. தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட அதனூடாக விருந்தினர் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டுக் கணினியையோ கமராவையோ நெருங்க இயலாது. திருவிழா முடிந்ததும் அக்கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதுமானது. விருந்தோம்பலுக்குத் திண்ணையும் குடும்பத்துக்கு உள்வீடும் என்ற நமது வீடமைப்பின் முறை இங்கும் பொருந்துகின்றது.

பூட்டியபின் கவனித்தலும் வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அந்நேரம் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் காணப்படும். மாதம் ஒருமுறை அதனைப் பார்த்து, வீட்டிலுள்ள கருவிகளுடன் ஒப்பிடலாம். தரவுப் பொதி வழமையைவிட விரைவாகத் தீர்வதும் ஓர் எச்சரிக்கையே. எனினும் அறியாத பெயரொன்றைக் கண்டவுடன் அயலவர் மீது ஐயுறுதல் ஆகாது. 2019இன் பின்னர் வந்த அநேகமான கைத்தொலைபேசிகள் தமது அடையாள எண்ணைத் தாமே மாற்றிக்கொள்வதால், நமது தொலைபேசியே அந்நியனைப் போலத் தோன்றக்கூடும். ஐயம் தீராவிடின் கடவுச்சொல்லை மாற்றி, நமது கருவிகளை மட்டும் மீண்டும் இணைத்தால் உண்மை தெளிவாகும். ஒரு பட்டியலை நம்பித் தலைமுறை உறவை முறித்துக்கொள்வது, தரவை இழப்பதிலும் பெரிய இழப்பாகும். அவ்வாறே, கண்காணிப்பு என்பது கருவிகளைப் பற்றியது. குடும்பத்தினரின் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதற்கான அனுமதி அல்ல.

அனுமதியின்றிப் பிறரின் கணினியை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆனால் நமது இணைப்பினூடாக எவரேனும் குற்றமிழைத்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது நமது படலையில்தான். பாதிக்கப்பட்டோர் ‘இலங்கை சேர்ட்’ அமைப்பிடம் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவில்லை. அரை மணி நேரமே போதும். ஆயினும் தனித்து வாழும் முதியோருக்கு அதுவும் எளிதன்று. கிராமத்துச் சனசமூக நிலையங்களும், ஆலய, தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் உயர்தர மாணவர்களைத் துணைக்கழைத்து, வீடு வீடாக இப்பணியைச் செய்துகொடுக்க முன்வரல் வேண்டும். பிறர் வளவின் வேலி சரிந்தால் கூடி நின்று கட்டிக் கொடுத்த மக்களுக்கு இது புதிய பழக்கமன்று.