நாற்பத்தொன்றரை மணி நேரம்

சட்டசபையில் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பேசித் தீர்த்துவிட்டு வாக்கெடுப்பில் தோற்று வீடு திரும்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு, உலகம் அதுவரை எதிர்பாராத ஒரு விடையை அளித்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் காமன்ஸ் சபையில் அமர்ந்திருந்த ஐரிஷ் அங்கத்தினர்கள். 1801ஆம் ஆண்டில் டப்ளினிலிருந்த தன் பார்லிமெண்டை இழந்த அயர்லாந்து, அறுநூற்றுக்கு மேற்பட்டோர் கொண்ட அந்த மகாசபைக்கு நூறு பேரளவில் பிரதிநிதிகளை அனுப்பி, எழுபது ஆண்டுக்காலம் விண்ணப்பங்களையும் கண்டனங்களையும் சமர்ப்பித்து, அவை மரியாதையுடன் கேட்கப்பட்டு மரியாதையுடனேயே நிராகரிக்கப்படுவதைப் பார்த்துச் சலித்திருந்தது.

அக்காலத்துக் காமன்ஸ் சபையில் ஒருவர் இவ்வளவு நேரந்தான் பேசலாம் என்ற வரையறை கிடையாது. விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம் என்று பெரும்பான்மையோர் தீர்மானிப்பதற்கும் விதி கிடையாது. ஒரு பிரேரணையின்மீது ஒருமுறைதான் பேசலாம் என்பது உண்மையே. ஆனால் சபையை ஒத்திவைக்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து பிரேரித்துவிட்டால் அது புதிய பிரேரணையாகிவிடுமாதலால், முன்பே பேசியவர்களெல்லாம் மறுபடியும் பேசலாம். அது தோற்றபின் இன்னொருவர் அவ்வாறே பிரேரிக்கலாம். கனவான்கள் வரம்பு மீற மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றே அந்தச் சபையின் வேலியாக இருந்தது.

அந்த வேலியை முதலில் தாண்டியவர் ஜோசப் பிக்கர் என்னும் பெல்பாஸ்ட் நகரத்துப் பன்றியிறைச்சி வியாபாரி. 1875 ஏப்ரலில், அயர்லாந்துக்கான அடக்குமுறை மசோதா ஒன்றின்மீது அவர் சர்க்கார் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வாசித்தார். அவர் சொல்வது காதில் விழவில்லை என்று சபாநாயகர் குறுக்கிட்டபோது, காகிதங்களையெல்லாம் வாரிக்கொண்டு அவர் அருகே சென்று, வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்தே மறுபடியும் வாசிக்கிறேன் என்று பணிவுடன் தெரிவித்தாராம். சில நாட்களுக்குப் பின், சபையில் அந்நியர் இருக்கக் காண்கிறேன் என்று ஓர் அங்கத்தினர் சொன்னாலே பார்வையாளர் அனைவரும் வெளியேற வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துக் காட்டி, மாடத்தில் அமர்ந்திருந்த வேல்ஸ் இளவரசரையே வெளியேறச் செய்தார்.

பிக்கர் தன் முதல் நீண்ட பிரசங்கத்தைச் செய்த அந்த நாளில்தான் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் சபையில் முதன்முதலாக வந்து அமர்ந்தார். இருவருக்கும் உள்ள வேற்றுமையை நான் பெரிதாகவே கருதுகிறேன். பிக்கருக்கு நேரத்தைக் கொல்வதே போதுமானதாயிருக்க, பார்னெல் மசோதாக்களை வரிவரியாகப் படித்து, சிறைச்சாலை நிர்வாகத்திலும் ராணுவத்தில் சிப்பாய்களைச் சவுக்காலடிக்கும் தண்டனையிலும் மறுக்க முடியாத திருத்தங்களைக் கொண்டுவந்து, அவற்றின் மூலமாகவே சபையைத் தாமதப்படுத்தினார். அந்தச் சவுக்கடி 1881இல் ஒழிந்தது. ஐரிஷ் கட்சியின் தலைவர் ஐசக் பட் என்பவரோ, சபையின் கண்ணியம் கெடுகிறதே என்று மனம் புழுங்கித் தம்மவரையே சபையில் கண்டித்தார். 1877இல் தென்னாப்பிரிக்க மசோதாவை எதிர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரிஷ்காரர்கள் சபையை ஏறக்குறைய 26 மணி நேரம் கலையவிடாமல் நிறுத்தியபோது, தலைமை அவர் கையிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது.

உச்சகட்டம் 1881இல் வந்தது. விசாரணையின்றியே ஆட்களைச் சிறையிலடைக்க அதிகாரம் கோரும் மசோதாவை கிளாட்ஸ்டன் மந்திரிசபை கொண்டுவரவே, ஜனவரி 31, திங்கட்கிழமை பிற்பகல் 4 மணிக்குக் கூடிய சபை, ஐரிஷ் அங்கத்தினர்கள் முறைவைத்துப் பேசியும் உறங்கியும் எழுந்தும் நடத்திய விவாதத்தினால், இரண்டு இரவுகள் கழிந்தும் கலையவில்லை. புதன்கிழமை காலை 9 மணிக்குச் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் தம் ஆசனத்துக்குத் திரும்பி வந்து, பேசிக்கொண்டிருந்தவரை மேலே பேசவிடாமல், எந்த விதியின் ஆதாரமும் இன்றி, சபையின்பால் தமக்குள்ள கடமையையே ஆதாரமாகக் கொண்டு விவாதம் முடிந்ததென அறிவித்தார். பிரதம மந்திரியுடன் அவர் முன்னரே கலந்து முடிவு செய்திருந்த காரியம் அது. மறுநாள், ஐரிஷ் குடியானவர் இயக்கத்தின் தலைவர் மைக்கேல் டேவிட் கைதான செய்தி கேட்டுக் கொந்தளித்த ஐரிஷ் அங்கத்தினரில் 36 பேர் சபையிலிருந்து விலக்கப்பட்டனர்.

இதே முட்டுக்கட்டைக் கொள்கையை 1923க்குப் பின் சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் தலைமை வகித்த சுயராஜ்யக் கட்சி நம் நாட்டில் கைக்கொண்டது. ஆனால் டில்லியில் பெரும்பான்மையே நிராகரித்த 1924ஆம் ஆண்டு நிதி மசோதாவை வைசிராய் தம் சிறப்பதிகாரத்தால் சட்டமாக்கிவிட்டார். தன் விதிகளுக்குத் தானே கட்டுப்படும் சபையில்தான் இந்த உபாயம் பலிக்கும் போலும்.

பார்னெல் கூட்டத்தார் அயர்லாந்தின் குறையை இங்கிலாந்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்த்தனர் என்பதில் ஐயமில்லை. அதற்கான விலையைப் பின்வந்த சிறுபான்மையோர் அனைவரும் செலுத்த நேர்ந்தது என்பதும் மெய்யே. விவாதத்தை வாக்கெடுப்பால் முடிக்கும் விதி 1882இல் பிறந்து, 1887இல் கூர்மை பெற்றது; குறித்த நேரத்தில் விவாதத்தை வெட்டி முடிக்கும் முறையும் அவ்வாண்டிலேயே, மற்றோர் ஐரிஷ் அடக்குமுறை மசோதாவுக்காக, பிரயோகிக்கப்பட்டது. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி சுதந்தர நாடாகி அதன் பிரதிநிதிகள் அச்சபையை விட்டு நீங்கிய பிறகும், அவர்களை வாயடைக்க இயற்றிய அவ்விதி அங்கே அமுலில் இருந்து வருகிறது.