பி.எம்.ஐ. கணக்கு: எக்ஸெல் சொல்வதும் சொல்லாததும்

இன்டர்நெட்டில் பி.எம்.ஐ. கால்குலேட்டர் என்று தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும். உயரத்தையும் எடையையும் கொடுத்து பட்டனைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஏதாவது ஒரு வண்ணத்தில் பதில் கிடைக்கும். பச்சை வந்தால் நிம்மதியாக விண்டோவை மூடிவிடுகிறோம். அந்தப் பச்சை யாருடைய உடம்பைப் பார்த்துப் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

பாடி மாஸ் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கமே பி.எம்.ஐ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதற்கு வெப்சைட் எதற்கு? எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதிலும் நீங்களே போட்டுவிடலாம். ஏ2 செல்லில் அடி, பி2-வில் அங்குலம், சி2-வில் எடையை டைப் செய்யவும். டி2-வில் =(ஏ2*12+பி2)*0.0254 என்றும், இ2-வில் =சி2/டி2^2 என்றும் கொடுத்து என்டர் தட்டவும். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) இ2-வில் வருவதுதான் உங்கள் பி.எம்.ஐ.

அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனி செல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 5 அடி 6 அங்குலத்தை நம்மில் பலர் 5.6 என்று எழுதுவோம். கம்ப்யூட்டருக்கு அது 5 அடி 7.2 அங்குலம். 65 கிலோ எடை உள்ளவருக்குச் சரியான விடை 23.1, இப்படிக் கொடுத்தால் 22.3 என்று வரும். 5 அடி 11 அங்குலக்காரர் 5.11 என்று அடித்தால் கூத்துதான். 75 கிலோவுக்கு 23.1 வர வேண்டிய இடத்தில் 30.9 வந்து நிற்கும்!

23.1-க்கும் 22.3-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? நமக்கு அது பெரிய வித்தியாசம்தான். பல வெப்சைட்டுகள் 18.5 முதல் 25 வரை இயல்பு, 30-ஐத் தொட்டால் உடல் பருமன் என்ற உலகப் பொது அளவை வைத்திருக்கின்றன. ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் தொடங்குகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் 23, 27.5 என்ற எண்களையும் கவனிக்கச் சொன்னது. இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-ல் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று வகுத்தார்கள். ஆக, 24.5 உள்ளவருக்கு வெளிநாட்டுக் கால்குலேட்டர் பச்சை காட்டும். இந்திய அளவில் அவர் பருமனின் வாசலில் இருக்கிறார்.

எல்லைக்கோட்டைத் திருத்தினால் மட்டும் போதுமா? அதே 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஒரே எண், இரண்டு வேறு உடம்புகள். மெலிந்த கை கால், முன்னே தள்ளிய தொப்பை உள்ளவரை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அவருடைய பி.எம்.ஐ. பெரும்பாலும் சமர்த்தாகவே இருக்கும்.

இதில் ஃபார்முலாவைக் குறை சொல்லிப் பயனில்லை. 1830-களில் இதை உருவாக்கிய பெல்ஜியம் நாட்டுக் கேட்லே டாக்டரே அல்ல. வானியலும் புள்ளியியலும் படித்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது கண்ட கணக்கு இது. பாடி மாஸ் இண்டெக்ஸ் என்ற பெயரை 1972-ல்தான் ஆன்செல் கீஸ் சூட்டினார். செலவில்லாமல் லட்சம் பேரை ஒப்பிட இதைப்போல் எளிய வழி இன்னும் இல்லை. தனி ஒருவரிடம் வரும்போதுதான் தடுமாறுகிறது. கொழுப்பும் தசையும் அதற்கு ஒன்றுதான். ஜிம்மில் உடம்பு ஏற்றியவரைக் குண்டர் என்னும். தசை கரைந்த முதியவரைச் சரி என்னும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். பிள்ளைகளுக்கு வயது, பால் வாரியான வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு. பெரியவர்கள் அளவை அவர்களிடம் காட்டிப் பட்டினி போடாதீர்கள்.

கொழுப்பு சதவீதம் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் வாங்கலாமா? அது பாதம் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி உத்தேசமாகக் கணக்கிடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடிக் குறைந்தாலே எண் மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. என்னைக் கேட்டால், தையல்காரரின் டேப் அதைவிட மலிவு, அதைவிட உபயோகம்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவும். வயிற்றை எக்கக் கூடாது! நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. 2025 ஜனவரியில் வெளியான புதிய இந்திய வரையறையும் பி.எம்.ஐ.யோடு இடுப்பளவையும் உடன் இருக்கும் நோய்களையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

எஃப்2-வில் இந்த அளவைச் செ.மீ.யில் டைப் செய்து, ஜி2-வில் =எஃப்2/(டி2*100) என்று கொடுங்கள். விடை 0.5-க்குள், அதாவது இடுப்பு உயரத்தில் பாதிக்குள், இருக்க வேண்டும். ஹெச் காலத்தில் தேதி போட்டு, மாதம் ஒரு வரி சேர்த்து வாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அதன் பிரின்ட் அவுட்டையும் எடுத்துச் செல்லவும்.