கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து... கண்ணுக்கு நல்லதா?

‘டாக்டர், ராத்திரி கம்ப்யூட்டரைத் திறந்தாலே கண்ணுல டார்ச் அடிச்ச மாதிரி கூசுது. எரிச்சல் வேற. ஏதாவது தைலம் கொடுங்களேன்!’

இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். ஆபீஸ் வேலையை வீட்டில் பார்க்கிறவர்கள், ஆன்லைன் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள், பேப்பரைக்கூட கம்ப்யூட்டரிலேயே படித்துவிடும் ரிட்டயர்டு பெரியவர்கள்... எல்லோருக்கும் ஒரே புகார். இவர்களில் பாதிப்பேர் நம்மிடம் வருவதற்கு முன்பே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருப்பார்கள். ‘டார்க் மோட் போட்டுட்டேன் டாக்டர், இனிமே கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?’ என்பார்கள்.

ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. மருந்தைப் போலத்தான் இதுவும். ஆள் பார்த்து, நேரம் பார்த்து, அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

அது என்ன டார்க் மோட்?

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருப்பதைத் தலைகீழாக்கி, கறுத்த பின்னணியில் வெளிர் எழுத்தாகக் காட்டுவதுதான் டார்க் மோட். புதுசு ஒன்றும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு காகிதத்தைப் போலவே திரையும் வெள்ளையாகிவிட்டது. 2018-ல் ஆப்பிள் கம்ப்யூட்டரிலும், 2019-ல் ஆண்ட்ராய்டு, ஐபோன்களிலும் டார்க் மோட் வந்தபின் மறுபடியும் கறுப்புக்கு மவுசு கூடியது.

ஆனால் ஒரு சிக்கல். போனையோ கம்ப்யூட்டரையோ நீங்கள் கறுப்பாக மாற்றினாலும், பல வெப்சைட்டுகள் ‘நான் வெள்ளையாகத்தான் இருப்பேன்’ என்று அடம் பிடிக்கும். இருட்டு அறையில் திடீரென்று ட்யூப்லைட் போட்ட மாதிரி இருக்கும். இதற்குத்தான் ‘எக்ஸ்டென்ஷன்’. மிக்ஸிக்குத் தனியாக ஒரு ஜார் வாங்கிப் பொருத்துகிறோம் அல்லவா? அதுபோல, இன்டர்நெட் பார்க்கும் பிரவுசரோடு பொருத்திக்கொள்கிற சின்ன இணைப்பு. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அதன் நிறங்களை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கருவிழியின் நடுவே இருக்கும் ‘பாவை’தான் வெளிச்சம் நுழையும் வாசல். வெளிச்சம் அதிகமானால் சுருங்கும், குறைந்தால் விரியும். பாவை சுருங்கியிருக்கும்போது பிம்பம் கூர்மையாக விழும். தூரத்து பஸ் போர்டு தெரியாவிட்டால் கண்ணை இடுக்கிப் பார்க்கிறோமே, அதே தத்துவம்தான். கறுப்புத் திரையில் பாவை விரிந்துகொள்கிறது. கண்ணில் சின்னப் பவர் குறைபாடு இருந்தால்கூட, எழுத்தின் ஓரம் லேசாகக் கலங்கித் தெரியும்.

2013-ல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களையும் முதியவர்களையும் வைத்து இதைச் சோதித்தார்கள். எழுத்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில், வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படித்தவர்களே இரு வயதினரிலும் நன்றாகச் செய்தார்கள். ஆக, நல்ல வெளிச்சமுள்ள அறையில், பகல் நேரத்தில், நீண்ட கட்டுரை படிக்க வெள்ளைப் பின்னணியே வசதி.

அப்படியானால் டார்க் மோட் வீணா? இல்லை. அறை இருட்டாக இருந்து திரை மட்டும் பளீரென்று இருந்தால் கண் கூசத்தான் செய்யும். அந்த நேரத்தில் கறுப்பு இதம். ஆக, அறையின் வெளிச்சத்துக்கும் திரையின் வெளிச்சத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

யாருக்கு ஒத்துக்கொள்ளும்? யாருக்கு ஒத்துக்கொள்ளாது?

கண்புரை உள்ளவர்கள்: விழியின் லென்ஸ் மங்கலாக இருப்பதால், வெள்ளைப் பக்கத்திலிருந்து வரும் ஒளி உள்ளே சிதறுகிறது. பனிமூட்டத்தில் காரின் ஹைபீம் போட்டால் எதிரே எல்லாம் வெள்ளையாகத் தெரியுமே, அப்படி. இவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து உண்மையிலேயே உதவும். விழியின் உட்பகுதி மங்கியவர்கள் இப்படி எழுத்தை மாற்றிக் கொடுத்தால் வேகமாகப் படிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1985-லேயே கண்டிருக்கிறார்கள். என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஒரு பெரியவர், ‘படிக்கறதையே விட்டுட்டேன் தம்பி’ என்று மனம் உடைந்து சொன்னார். பேத்தி கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை போட்டு, எழுத்தையும் பெரிசாக்கிக் கொடுத்ததும் மறுபடி செய்தி படிக்க ஆரம்பித்துவிட்டார். அதே சமயம் ‘புரைக்கு ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க’ என்றும் சொல்லி அனுப்பினேன். டார்க் மோட் புரையைக் கரைக்காது!

‘சிலிண்டர்’ பவர் உள்ளவர்கள்: கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதியிருந்தால் உங்கள் விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். இவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து, தெருவிளக்கைச் சுற்றி ஒளி பரவுகிற மாதிரி ஊதித் தெரியும். அதிலும் நம் தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும், புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘டார்க் மோட் போட்ட பிறகுதான் டாக்டர் தலைவலியே வந்தது’ என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் சிலிண்டர் ஆசாமிகளாக இருப்பார்கள். இவர்கள் சரியான கண்ணாடி போட வேண்டும். கறுப்பை விட்டு இளமஞ்சள் பின்னணிக்கு மாற வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள்: வெள்ளெழுத்து தொடங்கும் வயது. விரிந்த பாவை அந்தக் குறையை இன்னும் கூட்டிக் காட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், படிக்கிற கண்ணாடியைப் போடுங்கள்.

பிள்ளைகள்: ‘டார்க் மோட் போட்டா பவர் ஏறாதாமே?’ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஜெர்மனியில் டியூபிங்கனில் 2018-ல் மிகச் சிலரை மட்டும் வைத்து நடந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. அதை நம்பிப் பிள்ளையை மணிக்கணக்கில் திரை முன்னால் உட்கார வைக்காதீர்கள். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட நன்றாக நிரூபணமான வழி, தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவதுதான்.

எப்படிப் பொருத்துவது?

இந்த வகையில் பரவலாகப் பயன்படுவது ‘டார்க் ரீடர்’. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இலவசம்.

1. பிரவுசரின் சொந்த எக்ஸ்டென்ஷன் கடைக்குள் போய், பெயரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே மூலையில் அதன் சின்னம் வந்து உட்காரும்.

2. சின்னத்தை அழுத்தினால் பிரகாசம், கான்ட்ராஸ்ட், செப்பியா ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகோல் வரும். செப்பியா என்பது பழைய புத்தகத் தாளின் பழுப்பு மஞ்சள். ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.

3. தார் போன்ற கறுப்பும் பால் போன்ற வெள்ளையும் வேண்டாம். கரும்சாம்பல் பின்னணியில் மங்கிய வெள்ளை எழுத்துதான் கண்ணைக் குத்தாது. அதற்காக எழுத்தை ஒரேயடியாக மங்கலாக்கிவிடவும் கூடாது. பின்னணியைவிட எழுத்தின் ஒளி குறைந்தது நாலரை மடங்கு வித்தியாசப்பட வேண்டும் என்பது வெப்சைட் அமைப்பவர்களுக்கான சர்வதேச விதி. நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கண்ணை இடுக்காமல் படிக்க முடிகிறதா? அதுவே அளவு.

4. இதில் ‘லைட்’ முறையும் இருக்கிறது. பகலில் அதை வைத்து, செப்பியாவைச் சற்றே கூட்டினால் வெள்ளைப் பக்கம் காகிதம் போல ஆகிவிடும். சிலிண்டர்காரர்களுக்கும் இதுவே நல்லது.

5. ஒரு குறிப்பிட்ட வெப்சைட்டுக்கு மட்டும் அணைத்துவைக்க வழி இருக்கிறது. ஆன்லைனில் சேலை வாங்கும்போது அணைத்துவிடுங்கள். நிறத்தின் சாயல் மாறித் தெரிந்து, மயில் கழுத்து என்று வாங்கியது வேறு நிறமாக வந்து நிற்கும்!

6. மாலை இத்தனை மணிக்குக் கறுப்பு, காலை இத்தனை மணிக்கு வெள்ளை என்று நேரமும் குறித்துவைக்கலாம்.

எழுத்து சின்னதாக இருந்தால் கன்ட்ரோல் பட்டனோடு பிளஸ் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கமே பெரிதாகும். பாதிக் கண் வலி இதிலேயே போய்விடும்.

ஜாக்கிரதை!

நிறத்தை மாற்ற வேண்டுமானால் அந்த எக்ஸ்டென்ஷன் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். ‘எல்லா வெப்சைட்டிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி’ என்று பிரவுசர் கேட்பது அதனால்தான். யோசித்துப் பாருங்கள், உங்கள் பேங்க் பக்கமும் அதில் அடக்கம்! வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி விஷயம் இது. வெப்சைட்டுகளின் தோற்றத்தை மாற்றும் ‘ஸ்டைலிஷ்’ என்ற எக்ஸ்டென்ஷன், பயன்படுத்துகிறவர்கள் எந்தெந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து அனுப்புவது 2018-ல் வெளியே தெரிந்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டின் கடைகளிலிருந்தும் அப்போது நீக்கப்பட்டது.

எனவே பெயரில் ஓரெழுத்து மாற்றி வரும் போலிகளைத் தவிருங்கள். யார் செய்தது என்று பாருங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்கிலிருந்து சேர்க்காதீர்கள். பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள். பேங்க் வேலைக்கு எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத தனி பிரவுசர் வைத்துக்கொள்வது உத்தமம்.

எரிச்சலுக்கு நிஜக் காரணம்

நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் சிலருக்கு எரிச்சல் போகாது. காரணம், கண் இமைக்க மறந்துவிடுகிறோம். 1993-ல் ஜப்பானில் ஆபீஸ் ஊழியர்களை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு சராசரி 22 தடவை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 தடவையும், கம்ப்யூட்டர் முன்னால் 7 தடவையும்தான் இமைத்தார்கள். ஒவ்வொரு இமைப்பும் கண்ணுக்கு ஒரு தடவை நீர் தெளித்து மெழுகுவது மாதிரி. அது குறைந்தால் கண் காய்ந்து, மண் விழுந்த மாதிரி உறுத்தும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 வினாடி பாருங்கள். அப்போது நாலைந்து தடவை கண்ணை முழுசாக மூடித் திறங்கள். திரை கண் மட்டத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஃபேன் காற்றும் ஏ.சி. காற்றும் நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. டார்க் மோட் போட்டுவிட்டு ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தால் என்ன பிரயோஜனம்? இரவில் திரை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப் போடும். வெளிச்சம் குறைந்தாலும், பார்க்கிற விஷயம் மூளையைத் தூங்க விடாது. ராத்திரி விழிப்பு பித்தத்தை மிகுக்கும் என்கிறது சித்த மருத்துவம். பித்தம் மிகுந்தால் கண் எரியும், சிவக்கும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைக்கு விடை கொடுங்கள்.

வாரம் ஒருநாள் நல்லெண்ணெய் முழுக்கு, வாரத்தில் இரண்டு நாள் பொன்னாங்கண்ணியோ முருங்கைக் கீரையோ, போதுமான தண்ணீர். இவை உடம்புக்கும் கண்ணுக்கும் குளிர்ச்சி என்று நம் முன்னோர் கடைப்பிடித்தவை. சளி, ஆஸ்துமா உள்ளவர்கள் முழுக்குக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். ஆனால் விளக்கெண்ணெய், தாய்ப்பால், கற்றாழைச் சாறு என்று எதையும் நீங்களாகவே கண்ணுக்குள் விடாதீர்கள். சுத்தமில்லாத ஒரு சொட்டு, கருவிழியில் புண்ணாக்கிவிடும். சித்த மருத்துவன் என்ற முறையிலேயே இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இவற்றுக்கு உடனே கண் டாக்டர்!

திடீரென்று பார்வை குறைதல், கண் முன்னே கறுப்புத் திட்டுகள் மிதத்தல், மின்னல் வெட்டுவது போலத் தெரிதல், கண் சிவந்து கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம்... இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். ‘திரையில கலர் மாத்தினேன், இப்ப தேவலை’ என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டுப் பிறகு வருகிறவர்களுக்கு, போன பார்வையைத் திருப்பிக் கொடுக்க எந்த மருத்துவத்தாலும் முடியாமல் போகலாம்.

பகலில் வெளிர், இரவில் கறுப்பு. எழுத்து பெரிது, வெளிச்சம் அளவு. அடிக்கடி இமைப்பு, நேரத்தோடு தூக்கம். இவ்வளவுதான் விஷயம். இன்று இரவே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு அளவு வைத்துப் பாருங்கள். தாத்தாவுக்கு ஒத்துக்கொண்டது பேரனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை!