ஒரு நாவலுக்கு எழுந்த நூதனசாலை

மன்னர்க்கும் மறவர்க்கும் நினைவுமண்டபம் எழுப்புதல் எந்நாட்டினும் உள்ள வழக்கு. நூலாசிரியர் வாழ்ந்த மனையைப் பேணிக் காத்தலும் புதிதன்று. ஆனால், ஒரு நாவலின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, அதனை விளக்குதற்கென்றே அமைந்த நூதனசாலை மிக அரிது. யப்பானிலே சிகோக்குத் தீவின் மத்சுயாமா நகரில், கோட்டைக் குன்றின் அடிவாரத்தில், 2007ஆம் ஆண்டு அத்தகையதொன்று திறக்கப்பெற்றது.

அந்நாவல் ஷிபா ரியோதாரோ என்பார் 1968 முதல் 1972 வரை நாளிதழொன்றில் தொடராக எழுதியது. 'மேட்டுப்பாதையின் மேல் முகில்' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். வானத்து முகில் ஒன்றையே நோக்கியவண்ணம் மேடேறிச் செல்வார் போல, மெய்ஜி காலத்து யப்பானியர் முன்னேற்றம் ஒன்றையே கண்ணாகக் கொண்டு நடந்தனர் என்பது அப்பெயரின் கருத்து.

கதைத் தலைவர் மூவர். மூவரும் மத்சுயாமாவிற் பிறந்த மெய்யான மனிதர். 1868ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தில் தோற்ற பக்கம் நின்றது அவ்வூர். வறுமையுற்ற மறவர் குடிப் பிள்ளைகளுக்குக் கல்வியன்றி வேறு வழி இருந்திலது. மூத்தவரான அகியாமா யோஷிபுரு, கட்டணமின்றிக் கற்பித்த ஆசிரியர் கலாசாலையிற் பயின்று, முதலில் ஆசிரியரானவர்! (எம்மனோர் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு படிக்கலாம்.) பின்னரே படையிற் சேர்ந்து குதிரைப்படையை உருவாக்கினார். அவர் தம்பி சனேயுகி, 1905 மே மாதம் சுஷிமாக் கடற்போரில் உருசியக் கப்பற்படையை முறியடித்த திட்டத்தை வகுத்தவர். சனேயுகியின் பள்ளித் தோழர் மசோகா ஷிகி, ஹைக்கு என்னும் குறுங்கவிதையைப் புதுப்பித்த புலவர். இக்கவிதை தமிழுலகிற்கும் அயலன்று. 1916இலேயே பாரதியார் யப்பானியக் கவிதைபற்றிச் சுதேசமித்திரனில் எழுதியுள்ளார். முதுகெலும்பைப் பற்றிய காசநோயாற் படுக்கையிற் கிடந்தும் எழுதுகோலை விடாத ஷிகி, 1902இல், முப்பத்து நான்காம் வயதில், போர் தொடங்குமுன்னரே மறைந்தார்.

கட்டடத்தை வகுத்தவர் அண்டோ தடாவோ. கட்டடக்கலையைக் கல்லூரியிற் பயிலாது தாமே கற்றுத் தேர்ந்த சிற்பி அவர். முக்கோண வடிவான அம்மனையிற் சரிவுப் பாதைகள் மேனோக்கிச் செல்ல, காண்போரும் நாவலின் பெயருக்கேற்ப மேடேறுவர். ஒரு சுவர் முழுவதும் நாளிதழில் வந்த 1296 பகுதிகளும் அடுக்கப்பட்டுள்ளன. படைக்கலங்களினும் அச்சுத்தாளே அங்கு கண்ணை நிறைப்பது பொருத்தமே.

இங்கு ஓர் இடர் உண்டு. சுவையாக எழுதிய கதை நாளடைவில் வரலாறாகவே கொள்ளப்படும். ஆர்தர்த் துறைமுக முற்றுகையில் யப்பானியருள் மாண்டோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 60,000 பேர். அப்படையை நடத்திய நோகி என்னும் தளபதியைத் திறமையற்றவராக ஷிபா வரைந்தார். அது நியாயமன்று என மறுத்த ஆய்வாளர் பலர். ஆயினும் பொதுமக்கள் உள்ளத்திற் பதிந்தது நாவல் காட்டிய நோகியே. எனவே, அங்கு செல்வோர் ஒவ்வொரு காட்சியின் முன்னும், 'இது ஏடு கூறுவதா, எழுத்தாளர் கூறுவதா?' என வினாவிக்கொள்ளல் வேண்டும்.

இவ்விடரை ஆசிரியரும் அறிந்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் தாங்கிப் படையிற் பணிபுரிந்த அவர், தம் கதை போரைப் போற்றுவதாகக் கொள்ளப்படுமென அஞ்சி, அதனைத் திரைக்காட்சியாக்க இசைந்திலர். அவர் 1996இல் மறைந்த பின், 2009 முதல் 2011 வரையே அது தொலைக்காட்சியில் வந்தது.

போரில் வெற்றிகண்ட யோஷிபுரு, படைத்துறையின் உயர் தளபதிப் பதவி வரை உயர்ந்தார். ஓய்வு பெற்றபின் தலைநகரிற் பெரும்பதவி தேடாது, 1924இல் மத்சுயாமாவுக்குத் திரும்பினார். அங்கு ஒரு தனியார் இடைநிலைப் பாடசாலையின் அதிபராகி, இறந்த ஆண்டான 1930 வரை அப்பணியாற்றினார்.