பத்து ராகம், ஒரே டிஸ்கோ தாளம்! 28 ஆண்டு தூங்கிய ரிக்கார்டு விழித்த கதை

போணியாகாத இசைத்தட்டால் 70 வயதில் உலகப் புகழ் பெற்ற பம்பாய் வாத்தியக்காரர்

முத்தாண்டிக்குப்பம்,

நெய்வேலி சுற்று வட்டாரத்தில் திருவிழாக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முன்பெல்லாம் மேடையில் தபேலாவுக்கு ஒருவர், டிரம்சுக்கு ஒருவர், பேஸ் கிடாருக்கு ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கீ-போர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். தாளம் தானாக ஓடுகிறது.

இப்படித் தானாக ஓடும் தாளத்தை வைத்து 1982-ம் ஆண்டிலேயே ஒருவர் விசித்திரமான வேலை ஒன்று செய்தார். அப்போது அதை யாரும் சீந்தவில்லை. 28 ஆண்டு கழித்து வெளிநாட்டு இசை ரசிகர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

அவர் பெயர் சரண்ஜித் சிங். பம்பாய்க்காரர்.

பெயர் வராத வாத்தியக்காரர்

1940-ல் பிறந்த சரண்ஜித் சிங், இந்திப் பட உலகில் கிடாரும் சிந்தசைசரும் வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லட்சுமிகாந்த்-பியாரேலால் என்று பெரிய தலைகள் எல்லோருக்கும் வாசித்திருக்கிறார்.

ஆனால் வாத்தியக்காரர் பிழைப்பு எப்படி என்று நமக்குத் தெரியாதா? பாட்டு ஹிட்டானால் மாலை பாடகருக்கு. விருது மியூசிக் டைரக்டருக்கு. வாத்தியக்காரருக்கு அன்றைய கூலி!

சினிமா போக மிச்ச நேரத்தில் சொந்த பேண்டு வைத்துக் கல்யாண வீடுகளில் வாசித்தார். அவருடைய மனைவியே பாடகி. பிரபல சினிமா மெட்டுகளைத் தனி வாத்தியத்தில் வாசித்து இசைத்தட்டுகளும் கொடுத்தார்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. புதுசாக ஒரு வாத்தியம் வந்திருக்கிறது என்றால் சும்மா இருக்க மாட்டார். வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பெட்டிகள்

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி தயாரித்த மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன. மூன்றும் கரண்டில் ஓடும் இசைப் பெட்டிகள்.

ஒன்று, டி.ஆர்.808. டிரம்ஸ் அடிக்கும் மிஷின்.

இரண்டாவது, ஜூபிடர்-8. ஒரே நேரத்தில் எட்டு சுரம் ஒலிக்கும் பெரிய சிந்தசைசர்.

மூன்றாவதுதான் இந்தக் கதையின் கதாநாயகன். டி.பி.303. வெள்ளி நிறத்தில் சின்னப் பெட்டி. பேஸ் கிடார்க்காரர் இல்லாத குறையைத் தீர்க்க 1981-ல் கொண்டுவந்தார்கள். சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தால் சுற்றிச் சுற்றி அதையே வாசிக்கும்.

ஆனால் பாச்சா பலிக்கவில்லை. பேஸ் கிடார் மாதிரியே அது ஒலிக்கவில்லை. பூனை முனகுவது போல ஒரு சத்தம் வந்தது! விற்பனை படுத்தது. 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

உலகமே வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பெட்டியில் சரண்ஜித் சிங் ஒன்றைக் கவனித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது வழுக்கிக்கொண்டு போகிறது. நம் ராகங்களில் கமகம் வளைந்து போவதற்கு இது தோதானது!

தபேலாவுக்கு லீவு

1982-ல் நாடு முழுவதும் டிஸ்கோ ஜுரம். நம்மூரில் 'சகலகலா வல்லவன்' சக்கைப்போடு போட்டது. இந்தியில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது.

டிஸ்கோவைத்தான் எல்லோரும் சினிமாவில் போடுகிறார்களே, நாம் வேறு விதமாகப் போடுவோம் என்று நினைத்தார் சிங். தபேலாவுக்கு லீவு கொடுத்தார். டிரம்ஸ் மிஷினை ஓடவிட்டார். 303-ல் ராகத்தின் சுரங்களைப் பதிந்து சுழலவிட்டார். அதன் மேல் ஜூபிடரில் கையால் ராகத்தை வாசித்தார்.

பைரவ், பூபாளி, யமன், மால்கவுன்ஸ், கலாவதி என்று பத்து இந்துஸ்தானி ராகங்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால் பைரவ் மாயாமாளவ கவுளை, பூபாளி மோகனம், யமன் கல்யாணி, மால்கவுன்ஸ் இந்தோளம், கலாவதி வலஜி. மார்கழிக் கச்சேரியில் கேட்கிற ராகங்கள்தான். அடியில் 'தும்... தும்... தும்' என்று விடாத டிஸ்கோ அடி!

'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் எச்.எம்.வி. அதை வெளியிட்டது. ரேடியோவில் கொஞ்சம் ஒலித்தது. அவ்வளவுதான். கடையில் போணியாகவில்லை.

சிங் அதற்காகத் தலையில் கை வைத்து உட்காரவில்லை. மறுபடியும் கல்யாண வீடு, கச்சேரி என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிக்காகோவில் திருப்பம்

1987-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 'பியூச்சர்' என்ற இளைஞர் கோஷ்டி 'ஆசிட் டிராக்ஸ்' என்ற நடன இசைத்தட்டைப் போட்டது. அவர்கள் கையில் இருந்ததும் அதே டி.பி.303-தான். யாரும் சீண்டாததால் பழைய சாமானாக மலிவாகக் கிடைத்த பெட்டி!

பெட்டியின் திருகுகளைத் திருகத் திருக, முனகல் அலறலாக மாறியது. ஐரோப்பாவில் இளசுகள் விடிய விடிய ஆடினார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது நடன இசை பிறந்துவிட்டது என்றார்கள்.

பிறந்தது 1987-லா, அல்லது அதற்கு ஐந்து ஆண்டு முன்னால் பம்பாயிலா?

ஹாலந்து நாட்டைச் சேர்ந்த இடோ பவுமன் பழைய இந்திய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர். 2002-ல் டெல்லியில் ஒரு கடையில் சிங்கின் ரிக்கார்டு அவர் கண்ணில் பட்டது. போட்டுக் கேட்டவர் அசந்துபோனார். பிறகு மும்பையில் ஆளைத் தேடிப் பிடித்தார். 2010-ல் தன் கம்பெனி மூலம் அதை மறுபடி வெளியிட்டார்.

இது மோசடி, இப்போது செய்துவிட்டுப் பழைய ரிக்கார்டு என்று ஏமாற்றுகிறார்கள் என்று வெளிநாட்டில் பலர் சந்தேகப்பட்டார்கள். இங்கிலாந்தின் பிரபல எலக்ட்ரானிக் இசைக்காரர் ஏபெக்ஸ் ட்வின் செய்த குறும்பு என்றுகூட வதந்தி கிளம்பியது. எச்.எம்.வி.யின் பழைய இசைத்தட்டு இருந்ததால் வதந்தி நிற்கவில்லை.

உண்மை என்ன?

சிக்காகோ பையன்கள் பம்பாயைக் காப்பி அடித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. சிங்கும் 'ஆசிட் ஹவுஸ்' செய்யப் போகிறேன் என்று உட்காரவில்லை. அவர் செய்தது ராகம். ஒரே பெட்டி இரண்டு ஊரில், இரண்டு விதமான ஆட்களின் கையில் ஒரே மாதிரிப் பேசியது. முதலில் பேச வைத்தவர் நம் ஆள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 303 என்பது கிடார்க்காரரை வீட்டுக்கு அனுப்பப் பிறந்த மிஷின். சிங்கோ கிடார்க்காரர்! பின்னாளில் இப்படிப்பட்ட பெட்டிகள் பெருகி, சினிமாவில் பெரிய ஆர்க்கெஸ்டிராக்கள் சுருங்கின. எத்தனையோ வாத்தியக்காரர்களின் வேலை போனது. பிழைப்பைப் பறிக்க வந்த மிஷினிடம் ராகம் சொல்லிக் கொடுத்தவர் சிங்.

70 வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளுக்கு அவரை அழைத்தார்கள். பேரன் வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று ஆட, அதே ராகங்களை வாசித்தார்.

அன்று மலிவாகத் தள்ளிவிடப்பட்ட டி.பி.303 பெட்டியின் விலை இன்று லட்ச ரூபாய்க்கு மேல். 1982-ன் அசல் ரிக்கார்டு கிடைத்தால் கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அது வந்த வருஷம் கடைக்காரருக்கு அது விற்காத சரக்கு.

சரண்ஜித் சிங் 2015-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி மும்பையில் காலமானார். புகழ் வந்தபின் அவருக்குக் கிடைத்தது ஐந்தே ஆண்டுகள்.